கபோதாசனம்: ஆசிரியை கை கொடுத்தால் குதிகால் எட்டுகிறது, தனியே செய்தால் எட்டவில்லை

காலைவகுப்பு (பெங்களூரு):

அனைவருக்கும் வணக்கம். அஷ்டாங்க வின்யாச முறையில் முதல் வரிசையை முடித்து, இரண்டாம் வரிசையில் ஆசிரியை ஒவ்வோர் ஆசனமாகக் கொடுக்கக் கொடுக்கச் சேர்த்துக்கொண்டு, கபோதாசனம் வரை வந்து அங்கேயே தங்கிவிட்டேன். இம்முறையை அறியாதவர்களுக்காக ஒரு சொல்: மைசூர்ப் பாணி வகுப்பில் எல்லாரும் ஒரே ஆசனத்தை ஒரே நேரத்தில் செய்வதில்லை. அவரவர் தம் வரிசையைத் தம் மூச்சின் போக்கில் செய்துகொண்டிருக்க, ஆசிரியர் அறைக்குள் நடந்தபடி, தேவைப்படுபவரிடம் வந்து கை கொடுப்பார். ஓர் ஆசனம் வசப்பட்டது என்று அவருக்குத் தோன்றினால்தான் அடுத்தது கிடைக்கும்.

கபோதாசனத்தில் மண்டியிட்டுத் தொடைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மார்பை உயர்த்திப் பின்னால் வளைந்து, கைகளைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்த் தரையில் ஊன்ற வேண்டும். பிறகு கைகளைப் பாதங்களை நோக்கி நகர்த்தி, முழங்கைகள் தரையில் படியக் குதிகால்களைப் பிடித்து ஐந்து மூச்சு இருக்க வேண்டும். அதன்பின் பிடியை விட்டு, கைகளை நீட்டி ஊன்றி, மேலும் ஐந்து மூச்சு. வகுப்பில் என் ஆசிரியை எனக்கு முன்னால் நின்று, நான் இறங்கும்வரை இடுப்பை இரு கைகளாலும் தாங்கிக்கொள்வார். உள்ளங்கை தரையைத் தொட்டதும் என் மணிக்கட்டுகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் குதிகாலில் கொண்டுபோய் வைப்பார். பிடித்துவிடுவேன். ஆனால் பெற்றோரைப் பார்க்கத் திருச்சி சென்று, மாடியறையில் தனியே செய்யும்போது, கைகள் கால்விரல்களுக்கு ஒரு சாண் தள்ளியே விழுகின்றன. அங்கிருந்து உள்ளே வர மறுக்கின்றன.

இதற்கிடையில், ஆசிரியை வெளியூர் சென்றிருந்தபோது அவருக்குப் பதிலாக வந்த ஆசிரியர் என் கைகளைத் தொடவே இல்லை. கைகளை மார்பின்மேல் கூப்பியபடியே பின்னால் தொங்கி, ஐந்து மூச்சுக்குப் பின் நானாகவே எழுந்துவிடுமாறு சொன்னார். தரையைத் தொடுவதுபற்றிப் பேச்சே எடுக்கவில்லை. புட்டத் தசைகளைத் தளர்த்த வேண்டும் என்பது என் ஆசிரியையின் கட்டளை. இறுக்கி இடுப்பை முன்னே தள்ள வேண்டும் என்பது இவருடைய கட்டளை. இருவர்மீதும் எனக்கு மதிப்பு உண்டு என்பதால்தான் குழப்பம் மிகுதியாகிறது.

பிறர் கையால் கிடைக்கும் குதிகாலை என் பயிற்சியின் கணக்கில் சேர்க்கலாமா என்பது முதற்கேள்வி. புட்டத் தசை பற்றி யார் சொல்வது சரி என்பது அடுத்தது. கடைசியாக, குதிகாலைப் பிடித்த கணமே மூச்சு தொண்டைக்குழியில் நின்றுவிடுகிறது. ஐந்து மூச்சு என்று பெயர்; உண்மையில் ஐந்து திணறல். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.


பழைய மாணவன் (மைசூரு):

வணக்கம், சகோதரி. கபோதாசனம் தமக்கு வந்துவிட்டதாகச் சொல்பவர்களில் பாதிப் பேர் அதற்கு முந்தைய ஆசனத்தைக் கவனிக்காமல் கடந்தவர்கள் என்பது என் கருத்து. வரிசை காரணமில்லாமல் அமைந்ததன்று. சலபாசனம், பேகாசனம், தனுராசனம், பார்சுவ தனுராசனம் ஆகியவை தரையில் படுத்தபடி முதுகைத் தயார் செய்கின்றன. அடுத்து வரும் உஷ்ட்ராசனம் மண்டியிட்டு வளையக் கற்றுத்தருகிறது. அதன்பின் வரும் இலகு வஜ்ராசனத்தைப் பலரும் பெயரில் இருக்கும் 'இலகு'வை நம்பி விரைந்து முடிக்கிறார்கள். கணுக்காலைப் பிடித்தபடி உச்சந்தலை தரையைத் தொடும்வரை இறங்கி, ஐந்து மூச்சு இருந்து, தொடையின் வலிமையால் மட்டுமே எழ வேண்டிய ஆசனம் அது. அதில் எழும்போது கைகளால் உந்தினாலோ தலை தரையில் 'தொப்' என்று விழுந்தாலோ, தொடை இன்னும் எடை தாங்கப் பழகவில்லை என்று பொருள். தாங்காத தொடை கபோதாசனத்தில் பின்னால் சாய்ந்துவிடும். தொடை சாய்ந்தால் இடுப்பு பாதத்தின்பக்கம் தாழ்ந்து, வளைவு முழுவதும் கீழ்முதுகின் இரண்டு மூன்று எலும்புகளில் வந்து சேரும்.

ஆகவே தாங்கள் தனியே செய்யும்போது கைகள் எங்கே விழுகின்றன என்று பார்ப்பதைவிட, அந்தக் கணத்தில் தொடைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கைபேசியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து ஒரு முறை படமெடுத்தால் போதும். வகுப்பில் ஆசிரியை இடுப்பைத் தாங்குவதால் தொடை செங்குத்தாக நிற்கிறது. வீட்டில் தாங்குவதற்கு ஆளில்லாததால் அது சரிகிறது. அந்த ஒரு சாண் இடைவெளி தொடையில் உண்டாவது. முதுகில் உண்டாவதன்று என்று நினைக்கிறேன்.

உதவி பற்றி: பிறர் கையால் செய்வது பயிற்சியாகாது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. இந்த முறையே ஆசிரியரின் கையோடு வளர்ந்தது. இம்முறையை வகுத்துப் பரப்பிய பட்டாபி ஜோய்ஸ் மைசூரின் இலட்சுமிபுரத்துச் சிறிய அறையில் சிலருக்கு மட்டும் கற்பித்த காலத்திலும், பின்னர் அதே ஊரின் கோகுலத்தில் கூட்டம் நிறைந்த காலத்திலும், பின்வளைவுகளைக் கையால்தான் கற்பித்தார்கள். உடல் ஒரு வடிவத்துக்குள் ஒரு முறை போய் வந்தால், அங்கே ஆபத்தில்லை என்பதை நரம்புகள் தெரிந்துகொள்கின்றன. அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.


கயிறும் நாற்காலியும் (புணே):

மேலே எழுதியவருடைய தொடை பற்றிய விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். இறுதிப் பத்தியை ஏற்கவில்லை. அந்த வடிவத்துக்குள் போய் வருவதற்கு இன்னொருவருடைய கை எதற்கு? ஆசிரியரின் கை ஒரு நாள் போல் மறுநாள் இருப்பதில்லை, அவருக்கு ஒரே காலையில் முப்பது பேரைக் கவனிக்க வேண்டியிருக்கலாம், களைப்பு இருக்கலாம். நாற்காலிக்குக் களைப்பு கிடையாது. எங்கள் முறையை வகுத்த பி.கே.எஸ். ஐயங்காரும், பட்டாபி ஜோய்ஸைப் போலவே, மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றவர்தாம். ஆனால் புணேயில் தம் மாணவர்களுக்காகச் சுவர்க் கயிறுகள், மரப் பெஞ்சுகள், கட்டைகள், பெல்ட்டுகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கை செய்யும் வேலையைப் பொருளுக்கு மாற்றினார். 1966-இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒவ்வோர் ஆசனத்துக்கும் 1 முதல் 60 வரை ஒரு கடின எண் கொடுத்திருப்பதும், எதற்குப் பின் எது என்பதை மாணவர் தாமே தெரிந்துகொள்வதற்காகத்தான்.

கபோதாசனத்துக்கு எங்கள் வகுப்பில் பல மாதங்கள் கொடுக்கப்படும் தயாரிப்பு, நாற்காலியில் செய்யும் த்வி பாத விபரீத தண்டாசனம். முதுகுப் பலகை நீக்கப்பட்ட இரும்பு மடக்கு நாற்காலியின் இருக்கையில் ஒட்டும் யோகா விரிப்பை (மேட்) மடித்துப் போடுங்கள். முதுகுப் பலகை இருந்த வெற்றிடத்தின் வழியே கால்களை நுழைத்து, பின்பக்கம் பார்த்து அமருங்கள். பிறகு மெல்லப் படுத்து, இருக்கையின் முன்விளிம்பு தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்குச் சரியாக வரும்வரை உடலை நகர்த்துங்கள். அந்த விளிம்பு இரண்டு விரற்கடை கீழே இறங்கினாலே வளைவு கீழ்முதுகுக்குப் போய்விடும். அதை ஆசிரியர் ஒரு முறை காட்டித்தந்தால் பின்னர் தோலே சொல்லிவிடும். பாதங்களைச் சுவரில் பதித்து, கைகளை நாற்காலிக் கால்களுக்கு இடையே விட்டுப் பின்கால்களைப் பிடித்துக்கொண்டு, சில நிமிடங்கள் இருக்க வேண்டும். மூச்சு அங்கேதான் பழகும். கபோதாசனத்தில் ஐந்து மூச்சுக்குள் கற்க முடியாததை இங்கே நிதானமாகக் கற்கலாம்.

சுவரை வைத்தும் செய்யலாம். கால்விரல்கள் சுவரில் முட்டுமாறு சுவருக்கு முதுகு காட்டி மண்டியிட்டு, பின்னால் வளைந்து உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, கையளவு கையளவாகக் கீழே இறங்குங்கள். தொடை சாயத் தொடங்கும் உயரத்தில் நின்றுவிடுங்கள். அன்றைய கபோதாசனம் அவ்வளவுதான்.


ஈரோட்டுக்காரன்:

தவறாக எண்ண வேண்டாம். இவ்வளவு பாடு எதற்கு? பழைய ஹடயோக நூல்களைப் பாருங்கள்: ஹட பிரதீபிகையில் 15 ஆசனங்கள். கேரண்ட சம்ஹிதையில் 32. பின்வளைவு என்றால் அங்கே தனுராசனம், புஜங்காசனம், சலபாசனம், உஷ்ட்ராசனம் போன்றவைதாம். கபோதாசனம் இரண்டிலும் இல்லை. உஷ்ட்ராசனத்தோடு நிறுத்திக்கொண்டால் எந்த முக்தி கைநழுவிப் போகிறது?


பழைய மாணவன் (மைசூரு):

ஐயா, முக்தி எதுவும் நழுவாது. ஆனால் பழைய பட்டியலில் இல்லை என்பதே விலக்கக் காரணமானால், நாம் இன்று செய்யும் நின்ற ஆசனங்களில் பெரும்பாலானவற்றை விலக்க வேண்டியிருக்கும். திரிகோணாசனமும் அந்த இரண்டு நூல்களில் இல்லை. மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்து ஸ்ரீதத்துவநிதி என்ற நூலில் 122 ஆசனங்கள் படங்களோடு உள்ளன. ஆசனங்கள் பெருகிக்கொண்டே வந்தவை. சகோதரி கேட்டது எதற்கு என்பதன்று, எப்படி என்பது.


இயன்முறை (மதுரை):

இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன்; யோகப் பயிற்சியும் உண்டு. கேட்டவரைப் பரிசோதிக்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

முதுகெலும்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் பின்னால் வளைவதில்லை. மார்புப் பகுதியின் 12 எலும்புகளோடும் விலா எலும்புகள் இணைந்துள்ளன; அவ்வெலும்புகளின் பின்முட்கள் கீழ்நோக்கிச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அதனால் அங்கே பின்வளைவு குறைவு. இடுப்புப் பகுதியின் 5 எலும்புகளும் கழுத்தின் 7 எலும்புகளும் எளிதில் வளைவதால், உடல் எப்போதும் அவற்றிடமே வேலையைத் தள்ளிவிடும். இடுப்பு மூட்டில் தொடை பின்னோக்கிப் போகக்கூடிய அளவே ஏறத்தாழ 10 முதல் 20 பாகைதான். கபோதாசனத்தில் முழங்காலும் மடங்கியிருப்பதால், இடுப்பு மூட்டு, முழங்கால் ஆகிய இரண்டையும் கடந்து செல்லும் தொடையின் முன்தசை இரு முனைகளிலும் இழுக்கப்படுகிறது. அந்தச் சிறிய அளவும் இன்னும் குறைகிறது. போதாக்குறைக்குக் கைகள் தலைக்கு மேலே போய் முழங்கையில் மடங்கும்போது, அக்குளின் பின்புறத் தசைகளும் மேற்கையின் பின்தசையும் இறுகியிருந்தால் முழங்கைகள் பக்கவாட்டில் விரிந்துவிடும். முழங்கை விரிந்தால் கை குதிகாலுக்கு வராது. ஆசிரியை மணிக்கட்டைப் பற்றிக் கொண்டுபோகும்போது, இந்தத் தோள் இறுக்கத்தை அவர் கடந்து செல்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒரு மூட்டு தன் தசைகளின் வலிமையால் மட்டும் போகும் தொலைவு ஒன்று. பிறர் தள்ளினால் போகும் தொலைவு அதைவிடக் கூடுதல். இந்த இடைவெளி எல்லாருக்கும் உண்டு, அது நோயன்று. ஆனால் கட்டுப்பாடு இல்லாத அந்தப் பகுதியில்தான் காயங்கள் நேர்கின்றன. எனவே உதவியை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். எடையைத் தாங்கும் உதவி ஒன்று: இடுப்பையோ தோள்பட்டையையோ ஆசிரியர் தாங்கினால், தசைகள் அச்சமின்றி நீண்டு தம் எல்லைவரை போகும். எல்லையைத் தாண்டி இழுக்கும் உதவி மற்றொன்று. முன்னதை நாள்தோறும் பெறலாம். பின்னதைப் பெறுவதற்கு முன், அந்த ஆசிரியர் தங்கள் உடலை எவ்வளவு காலமாக அறிவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புட்டத் தசை பற்றிய கேள்விக்கு இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். அவர்கள் வெவ்வேறு கட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நினைக்கிறேன். இறங்கத் தொடங்கும்போது இடுப்பை முன்னே நிறுத்தப் புட்டத் தசை வேலை செய்தே ஆக வேண்டும். அதே தசையை முழு வலிமையோடு இறுக்கினால் அது தொடையை வெளிப்புறமாகத் திருப்பும், முழங்கால்கள் விலகும், இடுப்பின் பின்பக்கம் நசுங்கியது போன்ற உணர்வு வரும். தளர்த்தச் சொல்பவர் இந்தத் திருப்பத்தைத் தடுக்கப் பார்க்கிறார். முழங்கால்களைத் தரையில் அழுத்தி, ஒன்றையொன்று நோக்கி இழுப்பதுபோல் வைத்துக்கொண்டால், புட்டம் வேலை செய்யும், தொடையும் திரும்பாது. தொடைகளுக்கிடையே ஒரு கட்டையை வைத்துப் பழகினால் இது ஓரிரு நாளிலேயே பிடிபடும்.

ஓர் எச்சரிக்கை. பின்னால் வளையும்போது கீழ்முதுகில் ஒரு பக்கத்தில் மட்டும் ஊசி குத்துவது போன்ற வலி வந்தாலோ, ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாய்ந்தால் அதே வலி திரும்பினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்பவர்களுக்கும் ஐந்தாம் இடுப்பெலும்பின் பின்வளையத்தில் ஏற்படும் கீறல்முறிவு, திரும்பத் திரும்பப் பின்வளைவதால் வருவது. கால் மரத்துப்போதலும் அவ்வாறே அலட்சியப்படுத்தத் தக்கதன்று. தொடையின் முன்புறம் இழுபடுவதும் மார்பு விரிவதும் வேறு. அவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.


காலைவகுப்பு (பெங்களூரு):

அனைவருக்கும் நன்றி. பழைய மாணவன் அவர்கள் சொன்னபடி பக்கவாட்டில் படமெடுத்துப் பார்த்தேன். கைகள் தலையைத் தாண்டும்வரை தொடைகள் செங்குத்தாகவே நிற்கின்றன. பார்வை பின்சுவரிலிருந்து தரைக்கு மாறும் அந்தக் கணத்தில்தான் இரண்டு தொடைகளும் ஒருசேரப் பின்னால் போகின்றன. ஆக, வலிமைக் குறைவோடு அச்சமும் இருக்கிறது. தரை கண்ணில் பட்டதும் உடல் அவசரப்பட்டுக் கையை ஊன்றிவிடுகிறது. சுவர் முறையில் அந்த அவசரம் இல்லை, ஏனென்றால் கை எப்போதும் எதையாவது பற்றியிருக்கிறது. சுவரில் இறங்கும்போது என் எல்லை சுவிட்ச் போர்டின் உயரத்துக்குச் சற்றுக் கீழே என்று தெரிந்துகொண்டேன். கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அளவு கிடைத்தது.

மூச்சு பற்றி இன்னும் சற்று விரிவாக யாரேனும் சொன்னால் நலம். நாற்காலியில் மூச்சு ஓடுகிறது. குதிகாலைப் பிடித்தால் ஓட மறுக்கிறது.


மூச்சுவழி (சென்னை):

நான் கிருஷ்ணமாச்சாரியாரின் சென்னைக் காலத்து மரபில், அதாவது அவருடைய மகன் தேசிகாச்சார் வழியில் பயின்றவள். எங்கள் வழியில் பெரும்பாலானோருக்குக் கபோதாசனம் கொடுக்கப்படுவதே இல்லை என்பதால், ஆசனம் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. மூச்சு பற்றிச் சொல்லலாம்.

விலாக்கூடு முழுவதும் விரிந்து, வயிற்றுச்சுவர் இழுபட்டு நிற்கும்போது, உதரவிதானம் இறங்குவதற்கு இடம் குறைவு. வழக்கமான ஆழ்ந்த மூச்சை அங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். உள்ளே இழுக்கப் போராடுவதை விட்டுவிட்டு, வெளியே விடுவதை நீட்டுங்கள். விலா ஏற்கெனவே விரிந்துதான் இருக்கிறது. வெளியே விட்டால் உள்ளே தானாக வரும். வெளிமூச்சில் தொப்புளுக்குக் கீழே மெல்ல உள்ளே இழுத்தால் கீழ்முதுகுக்கும் தாங்கல் கிடைக்கும்.

இன்னொன்று, எந்த ஆசனத்திலும் நிலைத்து நிற்பதற்கு முன் மூச்சோடு உள்ளே போய் வெளியே வரும் வழக்கம் எங்களுக்கு உண்டு. த்வி பாத பீடத்தைச் சொல்கிறேன். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, உள்மூச்சில் இடுப்பை உயர்த்தியபடி கைகளைத் தலைக்கு மேலே கொண்டுபோய், வெளிமூச்சில் முதுகெலும்பை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து இறங்க வேண்டும். அசைவு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பே மூச்சு தொடங்கியிருக்க வேண்டும்; மூச்சு முடியுமுன் அசைவு முடிந்திருக்க வேண்டும். இதே ஒழுங்கைத் தங்கள் சுவர்ப் பயிற்சியில் கொண்டுவாருங்கள். ஒரு வெளிமூச்சுக்கு ஒரு கையளவு. வெளிமூச்சு சீராக இல்லாத உயரத்தில் அடுத்த கையளவு கிடையாது.

மைசூர்க் காலத்துப் புகைப்படம் ஒன்று பலரும் பார்த்திருப்பீர்கள். மாணவர் கபோதாசனத்தில் இருக்க, கிருஷ்ணமாச்சாரியார் அவர்மேல் ஏறி நிற்கிறார். அதே மனிதர்தாம் சென்னையில் ஒருவருக்கொருவராக அமர்ந்து, வந்தவரின் வயதையும் நோயையும் பார்த்து ஆசனத்தை மாற்றிக் கொடுத்தவர். முதற்படத்தை மட்டும் மரபென்று எடுத்துக்கொள்பவர்களோடு எனக்கு வருத்தம் உண்டு.


சிங்கைவாசி:

மூச்சுவழி அவர்கள் அந்தப் புகைப்படத்தை எடுத்ததால் எழுதுகிறேன். இங்கே ஒரு வகுப்பில், என்னை அதற்குமுன் பார்த்திராத ஆசிரியர் ஒருவர் கபோதாசனத்தில் என் முழங்கைகளைத் தம் பாதங்களால் நெருக்கிப் பிடித்து, கைகளைக் குதிகாலுக்கு இழுத்தார். கேட்கவில்லை. அந்த நிலையில் மாணவரால் பேச முடியாது என்பதை உதவுபவர்கள் ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை? தலை கீழே, தொண்டை விரிந்து, மூச்சே பாதி. 'வேண்டாம்' என்ற சொல் வெளியே வராது. வலது தோள் சரியாக நெடுங்காலம் ஆயிற்று.

கையால் கற்பிக்கும் மரபை உயர்த்திப் பேசும்போது, அந்த மரபின் இன்னொரு பக்கத்தையும் பேசியாக வேண்டும். பட்டாபி ஜோய்ஸ் 2009-இல் மறைந்த பிறகு, ஆசனத்தைத் திருத்துகிறேன் என்ற பெயரில் அவர் தகாத முறையில் தொட்டதாகப் பல மாணவிகள் வெளிப்படையாகக் கூறினர். 2019-இல் அவருடைய பேரன் ஷரத் ஜோய்ஸ் அவர்களுடைய வேதனைக்காகப் பொதுவில் மன்னிப்புக் கோரினார். பின்வளைவில் உதவி பெறுபவர் கண்ணால் பார்க்க முடியாத, பேச முடியாத, விலக முடியாத நிலையில் இருக்கிறார். அதனால்தான் இது வேறு எந்த ஆசனத்தையும்விடக் கூடுதலான கவனத்தைக் கோருகிறது.


நெறியாளர்:

இந்த உரையாடல் கண்ணியமாகவே செல்கிறது; நன்றி. உதவி பெறுதல், மறுத்தல் என்ற அளவில் தொடரலாம். தனிப்பட்ட ஆசிரியர்கள், கூடங்கள் ஆகியவற்றின் பெயர்களை இங்கே எழுத வேண்டாம்.


பழைய மாணவன் (மைசூரு):

சிங்கைவாசி அவர்கள் சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை. ஆசிரியரின் கையோடு வளர்ந்த முறை என்று நான் எழுதியதோடு, அந்தக் கை என்னவெல்லாம் செய்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். பேச முடியாது என்பது உண்மையாதலால், இறங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நான் உதவும்போது மாணவரிடம் மூன்று செய்திகளைக் கேட்பேன்: இன்று உதவி வேண்டுமா, எங்கே கை வைக்கலாம், எதுவரை. நிறுத்துவதற்கு ஒரு சைகையும் பேசிக்கொள்வோம். விரலால் மேட்டை இரண்டு தட்டு தட்டினால் உடனே இடுப்பைத் தாங்கி மேலே எழுப்பிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. இடுப்பைத் தாங்குபவரே எழுப்பவும் வேண்டும் என்பதை இளம் ஆசிரியர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த மேட்டுக்கு நடந்துவிடுவது உதவியில் சேராது.

நாற்காலிக்குக் களைப்பில்லை என்றார் புணே நண்பர். மூச்சு நின்றுபோனதும் அதற்குத் தெரியாது. என் ஆசிரியர் தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கையை வைத்திருப்பார். விலா அசையாமல் நின்றால், நான் உணர்வதற்கு முன்பே அவருடைய கை உணர்ந்து என்னை அரை அங்குலம் மேலே கொண்டுவந்துவிடும். எந்தப் பொருளும் இதைச் செய்யாது. இந்த ஒரு காரணத்துக்காகவே கையின் பக்கம் நிற்கிறேன்.


கயிறும் நாற்காலியும் (புணே):

அப்படிப்பட்ட கை கிடைத்தால் நானும் நாற்காலியை மடித்து வைத்துவிடுவேன். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பதுதான் என் வாதம்.


காலைவகுப்பு (பெங்களூரு):

ஆசிரியை ஊர் திரும்பியதும், இங்கே எழுதியவற்றைச் சுருக்கிச் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கினேன், கோபிக்கவில்லை. "நீ கேட்காததால் உனக்குக் குதிகால்தான் வேண்டும் என்று நினைத்திருந்தேன்" என்றார். இப்போதைக்கு ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். ஞாயிறு முதல் புதன் வரை அவர் இடுப்பை மட்டும் தாங்குவார். மணிக்கட்டைத் தொட மாட்டார். கை எங்கே விழுகிறதோ அங்கேயே ஐந்து மூச்சு. வியாழனன்று மட்டும், மூச்சு சீராக இருந்தால், கையைக் குதிகாலுக்குக் கொண்டுபோவார். வெள்ளியன்று, ஆசிரியை எண்ணிச் சொல்ல எல்லாரும் சேர்ந்து செய்யும் முதல் வரிசை வகுப்பு, சனி ஓய்வு. இலகு வஜ்ராசனத்தில் நான் எழும்போது தாடை முன்னால் துருத்துவதைக் கவனித்து, தலை கடைசியில்தான் எழ வேண்டும் என்று திரும்பத் திரும்பத் திருத்துகிறார். அதில் கவனம் வைத்ததிலிருந்து, கபோதாசனத்தில் தரையைக் கண்டதும் வரும் பதற்றம் சற்றுக் குறைந்திருக்கிறது. கைகள் இப்போது கால்விரல் நுனிகளைத் தொடுகின்றன. குதிகால் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

ஒரு சிறு ஐயம். தொடையைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்துவதால் முழங்கால் சில்லு தரையில் உறுத்துகிறது. கீழே மடித்த துணி வைத்துக்கொள்ளலாமா, அல்லது அது நிலைதடுமாறச் செய்யுமா?


இயன்முறை (மதுரை):

தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் மெத்தென்ற போர்வை வேண்டாம்; முழங்கால் புதைந்து தொடை ஆடும். மேட்டின் முன்முனையை இரண்டாக மடித்து, முழங்காலும் கீழ்க்காலின் மேற்பகுதியும் அதன்மேல் வருமாறு வையுங்கள். எடை சில்லின்மேல் விழாமல், அதற்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பு முகட்டுக்கும் கீழ்க்காலுக்கும் போக வேண்டும். கால்விரல் நகங்களைத் தரையில் அழுத்தினால் எடை தானாகப் பின்னால் பகிரப்படும். அழுத்தியும் உறுத்தல் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், முழங்காலை நேரில் காட்டுவது நல்லது.


காலைவகுப்பு (பெங்களூரு):

இன்று காலை மேட்டை மடித்து வைத்துச் செய்தேன். உறுத்தல் இல்லை. நகங்களை அழுத்துவதில்தான் இன்னும் கவனம் தேவைப்படுகிறது. பின்னால் வளைந்ததும் இடது பாதம் மறந்துவிடுகிறது. ஆசிரியையிடம் நாளை அதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.